நலம் காப்போம்: குடல் கழுவும் மருந்து ஒத்துக்கொள்ளாவிட்டால்...

எம்மவர் மத்தியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "அந்தக் குடல் ரெஸ்ற்றுக்கு இனிமேல் போகமாட்டன். குடிக்கத் தந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளேல்லை, அலேர்ஜி" என்பதே அது. சொல்பவர் ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவராக இருப்பார். என்ன நடந்தது என்று விசாரித்தால் ஒருவர் "ஓங்காளிச்சுச் சத்தி வந்தது" என்பார். இன்னொருவர் "தலை சுத்தி விழுந்திட்டன்" என்பார். வேறொருவர் "உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிச்சுக் கடிச்சது" என்பார்.

மூவரும் சொல்லும் சொல் ஒன்றுதான். ஆனால் மூவருக்கும் நடந்தது ஒன்றல்ல. முதலாமவருக்கு வந்தது, இம்மருந்தைக் குடிக்கும் பலருக்கும் வரக்கூடிய சாதாரண தொல்லை. இரண்டாமவருக்கு வந்தது, உடலில் நீரும் உப்பும் குறைந்ததாலோ, அவர் எடுக்கும் வேறு மருந்துகளாலோ ஏற்பட்ட பக்க விளைவாக இருக்கலாம். மூன்றாமவருக்கு வந்ததுதான் ஒவ்வாமையின் அறிகுறி. முதல் இருவரும் சில மாற்றங்களோடு மறுபடியும் பரிசோதனைக்குப் போகலாம், போகவும் வேண்டும். மூன்றாமவரோ, ஒவ்வாமை நிபுணர் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வரை அந்த மருந்தை எந்தப் பெயரிலும் தொடக் கூடாது.

இந்த வித்தியாசம் தெரியாமற் போனால் இரண்டு பக்கத்திலும் நட்டம். சாதாரண ஓங்காளத்தை அலேர்ஜி என்று எண்ணியவர் பரிசோதனையைக் கைவிடுவார். குடலில் வளரும் கட்டி வளர்ந்துகொண்டே இருக்கும். உண்மையான ஒவ்வாமையைச் சாதாரண தொல்லை என்று எண்ணியவர் அடுத்த முறையும் குடிப்பார். அப்போது உயிருக்கே ஆபத்து வரலாம். எனவே இந்த இதழில் இம்மூன்றையும் பிரித்து அறிவது எப்படி என்று பார்ப்போம்.

ஏன் குடிக்கச் சொல்கிறார்கள்?

ஒன்ராறியோவில் 50 முதல் 74 வயது வரையானவர்களுக்கு, இரண்டு வருடங்களுக்கு ஒரு முறை வீட்டிலேயே மலத்தின் சிறு மாதிரி எடுத்து அனுப்பும் பரிசோதனை இருக்கின்றது. 2019 ஆம் ஆண்டு முதல் 'ஃபிற்' எனப்படும் புதிய முறை நடைமுறையில் உள்ளது. இங்கிலாந்திலும் இவ்வயதினருக்கு இப்பொதி தபாலில் வீடு தேடி வருகின்றது. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் அடுத்த படி கொலனொஸ்கோப்பி. பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் ஆகியோரில் ஒருவருக்குப் பெருங்குடற் புற்றுநோய் வந்திருந்தால் நேரடியாகவே கொலனொஸ்கோப்பிக்கு அனுப்புவார்கள்.

கமெரா பொருத்திய மெல்லிய குழாயைப் பெருங்குடலினுள் செலுத்திப் பார்ப்பதே இப்பரிசோதனை. புற்றுநோயாக மாறக்கூடிய சிறு முளைகளை அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பத்துப் பேரில் ஒன்பது பேரைக் குணப்படுத்தலாம் என்பதே வைத்தியர்களின் கணக்கு. ஆனால் குடல் சுத்தமாக இல்லாவிட்டால் முளை மலத்தின் கீழே மறைந்துவிடும். பரிசோதனை செய்தும் பயனில்லை. மறுபடியும் குடிக்க வேண்டி வரும். ஆகவேதான் மருந்தை அரைகுறையாகக் குடித்துவிட்டு "எல்லாம் குடிச்சிட்டன்" என்று தாதியிடம் சொல்வது எம்மை நாமே ஏமாற்றுவதாகும்.

இது ஊரில் குடித்த பேதி அல்ல

ஊரிலே பள்ளிக்கூட விடுமுறையில் பிள்ளைகளுக்குப் பேதி கொடுக்கும் வழக்கம் எம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். ஆமணக்கெண்ணெயோ நிலாவரையோ கொடுத்து, நாலைந்து தரம் வயிற்றாலே போனதும் மோரும் கஞ்சியும் தருவார்கள். அந்த அனுபவத்தை வைத்து "நாங்கள் குடிக்காத பேதியோ" என்று வயதானவர்கள் இந்த மருந்தை இலேசாக எண்ணுவதுண்டு. இரண்டும் வேறு. இங்கே ஒரு லீற்றரில் இருந்து நாலு லீற்றர் வரை திரவம் ஒரு நாளுக்குள் உடம்பினூடாகப் பாய்கிறது. குடிப்பவரும் ஏழு வயதுப் பிள்ளையல்ல. பிறஷருக்கும் நீரிழிவுக்கும் குளிசை எடுக்கும் அறுபது வயதுக்காரர். முடிந்ததும் மோரும் கஞ்சியும் குடிக்கவும் முடியாது. பரிசோதனை முடியும் வரை ஊடாகப் பார்க்கக்கூடிய தெளிந்த பானங்கள் மட்டுமே.

முற்காலத்தில் குடலைச் சுத்தம் செய்ய மனிற்றோல் என்ற ஒருவகைச் சர்க்கரைக் கரைசலையும் பாவித்தார்கள். குடலில் உள்ள பக்ரீறியாக்கள் அதைப் புளிக்கச் செய்து, தீப்பற்றக்கூடிய வாயுவை உண்டாக்கும். 1979 இல் பிரான்சில் ஒரு நோயாளியின் குடல் முளையை மின்சாரக் கம்பியால் வெட்டும்போது அந்த வாயு வெடித்து அவர் இறந்த சம்பவம் வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது. 1980 இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஃபோர்ட்ரானின் குழுவினர் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்ற பொருளை உப்புக்களோடு சேர்த்து ஒரு கரைசலை உருவாக்கினார்கள். இப்பொருளின் மற்றப் பெயர் மக்ரோகோல், சுருக்கமாகப் பி.ஈ.ஜி. இது குடலில் பெரும்பாலும் உறிஞ்சப்படுவதில்லை. தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு குடலைக் கழுவிக்கொண்டு போய்விடும். உப்புக்களும் அளவோடு சேர்ந்திருப்பதால் உடம்பில் உள்ள நீரை இழுப்பதும் குறைவு, உடம்பினுள் நீர் ஏறுவதும் குறைவு.

பக்கற்றில் சொல்லப்பட்ட அளவு தண்ணீரிலேயே கரைக்க வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான். உப்பாக இருக்கிறதே என்று சீனி போட்டுக் கலக்குவதும், தண்ணீரைக் குறைத்துத் தடிப்பாக்கிக் குடிப்பதும் அந்தக் கணக்கைக் குழப்பிவிடும்.

கனடாவில் பெக்லைட், கோலைட் என்பனவும், ஐரோப்பாவிலும் இங்கிலாந்திலும் கிளீன்-பிரெப், மூவிபிரெப், பிளென்வு என்பனவும் இந்த மக்ரோகோல் குடும்பத்தைச் சேர்ந்தவை. கனடாவில் பிக்கோ-சலக்ஸ், இங்கிலாந்தில் பிக்கோலக்ஸ், சிற்றாஃப்ளீற் என்பன வேறு இனம். அவற்றில் சோடியம் பிக்கோசல்பேற்றும் மக்னீசியமும் உள்ளன. உங்களுக்குத் தந்தது எந்த இனம் என்று தெரிந்திருப்பது முதற்படி.

பலருக்கும் வரும் தொல்லைகள்

வயிறு ஊதுதல், ஓங்காளம், ஒன்றிரண்டு தரம் சத்தி, இலேசான வயிற்றுப் பிடிப்பு, குளிர் நடுக்கம், தலையிடி, மலவாசல் எரிவு என்பன ஒவ்வாமை அல்ல. குறுகிய நேரத்தில் அதிக திரவம் குடிப்பதால் வருபவை இவை. இவற்றைக் குறைக்க வழிகள் உண்டு.

கரைசலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக் குளிர்ந்த பின் குடிக்கலாம். ஸ்ட்ரோவினால் உறிஞ்சிக் குடித்தால் சுவை குறைவாகத் தெரியும். ஓங்காளம் வந்தால் அரை மணித்தியாலம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடரலாம். இடையிடையே பால் விடாத இஞ்சித் தேத்தண்ணீர் கைகொடுக்கும். மலவாசலைச் சுற்றி முன்கூட்டியே வஸ்லீன் பூசினால் எரிவு குறையும். முழுவதையும் முதல் நாள் இரவே குடித்து முடிக்காமல், பாதியை மாலையிலும் மீதியைப் பரிசோதனை நாள் விடியற்காலையிலும் குடிக்கும் முறை உடம்புக்கும் இலேசு. குடலும் நன்றாகச் சுத்தமாகும். போன முறை கஷ்டப்பட்டவர்கள் இம்முறையைப் பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

சாப்பாட்டையும் இரண்டு மூன்று நாட்கள் முன்பே மாற்றினால் வேலை சுலபமாகும். சிவப்பரிசி, குரக்கன், பருப்பு, கீரை, முருங்கைக்காய், தேங்காய்ப்பூ, எள்ளு, விதையுள்ள பழங்கள் என்பவற்றை நிறுத்துங்கள். வெள்ளை அரிசிச் சோறு, வெள்ளை மா இடியப்பம், மீன், கோழி, முட்டை சாப்பிடலாம். கடைசி நாளில் வடித்த சூப், தெளிந்த அப்பிள் சாறு, பால் விடாத தேத்தண்ணீர் போன்றவை மட்டுமே. சிவப்பு, ஊதா நிறப் பானங்கள் வேண்டாம். அவற்றின் சாயம் குடலுக்குள் இரத்தம் போலத் தெரியும்.

கவனியாவிட்டால் ஆபத்தாகும் பக்க விளைவுகள்

இவை ஒவ்வாமை அல்ல. ஆனால் இவற்றால்தான் வயதானவர்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். பெரும்பாலானவை முன்கூட்டியே தடுக்கக்கூடியவை.

முதலாவது, நீர் வற்றுதல். இரத்த அழுத்தம் இறங்கி, இரவில் மலகூடத்துக்கு எழும்பும்போது தலை சுற்றி விழலாம். எழும்புமுன் கட்டிலில் சற்று இருந்துவிட்டு எழும்புங்கள். தனியாக வாழும் அம்மா, அப்பாவுக்கு அன்றிரவு யாராவது துணை நிற்க வேண்டும்.

இரண்டாவது, உப்புக் குறைதல். விசேடமாகப் பிக்கோசல்பேற் இன மருந்துகளோடு வெறும் பச்சைத் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். கடும் தலையிடி, குழப்பம், சில வேளைகளில் வலிப்பும் வரலாம். ஆகவே தண்ணீரோடு உப்புள்ள வடித்த சூப்பையும் சாற்றையும் மாற்றி மாற்றிக் குடிக்க வேண்டும். இதய பலவீனமோ சிறுநீரக வருத்தமோ உள்ளவர்கள் எவ்வளவு குடிப்பது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். இளநீரில் பொற்றாசியம் அதிகம் என்பதால் சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

மூன்றாவது, சீனி இறங்குதல். எம்மவர் மத்தியில் நீரிழிவு இல்லாத வீட்டைத் தேடவேண்டியுள்ளது. சாப்பாடு இல்லாத நாளில் வழமையான அளவு இன்சுலினோ குளிசையோ எடுத்தால் கை நடுங்கும், வியர்க்கும், அறிவு மங்கும். அதையும் "மருந்து ஒத்துக்கொள்ளேல்லை" என்றே எண்ணிவிடுவோம். அன்றைக்குச் சீனி அளவை அடிக்கடி குத்திப் பாருங்கள். இறங்கினால் தெளிந்த அப்பிள் சாறு குடிக்கலாம், அதற்குத் தடையில்லை. ஜார்டியன்ஸ், ஃபோர்சிகா போன்ற குளிசை எடுப்பவர்கள் அதைப் பெரும்பாலும் 3 நாட்களுக்கு முன்னரே நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தாவிட்டால், சீனி அளவு பெரிதாக ஏறாமலே இரத்தத்தில் அமிலம் கூடும் அபாயம் உண்டு. எந்த மருந்தையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் கேட்காமலும் இருக்க வேண்டாம்.

நான்காவது, சிறுநீரகப் பாதிப்பு. முன்னர் சோடியம் பொஸ்பேற் என்ற மருந்து சிறிய போத்தலில் வந்தது. குறைவாகக் குடித்தாற் போதும் என்பதால் பலரும் விரும்பினார்கள். 2005 இல் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழக வைத்தியர்கள், இதைக் குடித்தபின் சிறுநீரகம் பழுதான 21 பேரைப் பற்றி எழுதினார்கள். சிறுநீரகத் திசுவில் கல்சியம் பொஸ்பேற் படிந்திருந்தது. அவர்களில் 4 பேருக்கு நிரந்தர இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. பலர் பிறஷருக்குக் குளிசை எடுத்தவர்கள். 2008 டிசெம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் கடும் எச்சரிக்கை விடுத்தது. வைத்தியர் துண்டு இல்லாமல் விற்கப்பட்ட அந்தப் போத்தல்களைத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்றுக்கொண்டார். இதிலிருந்து நாம் எடுக்க வேண்டிய பாடம்: மச்சாளுக்குத் தந்த மருந்தில் மிஞ்சியதையோ, யாரோ வேறு நாட்டில் இருந்து கொண்டுவந்ததையோ குடிக்கக் கூடாது. இங்கிலாந்திலும் 2009 பெப்ரவரியில், நோயாளியின் உடல்நிலையைப் பார்த்த பின்னரே குடல் கழுவும் மருந்தைக் கொடுக்க வேண்டும் என்று வைத்தியசாலைகளுக்கு அறிவுறுத்தப்பட்டது.

இன்னும் சில விடயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறோம். மருந்து குடிக்கத் தொடங்குவதற்கு முன்னரான ஒரு மணித்தியாலத்துக்குள் விழுங்கிய குளிசைகள் உடம்பில் சேராமலே கழுவுப்பட்டுப் போகலாம். வலிப்பு மருந்து, கருத்தடைக் குளிசை எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மருந்து, இரும்புச்சத்துக் குளிசை, ஊரில் இருந்து வந்த சூரணம், லேகியம் எல்லாவற்றையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். பாரிசவாதம் வந்து, தண்ணீரைத் தடிப்பாக்கிக் குடிக்கும் முதியவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மாப்பொருளால் ஆன தடிப்பாக்கியை மக்ரோகோலோடு கலந்தால் அது திரும்பவும் தண்ணீராகி, சுவாசக் குழாய்க்குள் போய்விடலாம். 2021 இல் இங்கிலாந்து மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைப் பற்றி எச்சரித்தது.

மூவிபிரெப், பிளென்வு என்பவற்றில் விற்றமின் சி அதிக அளவில் உள்ளது. ஜி-6-பி.டி. என்ற நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். மலேரியா நெடுங்காலம் இருந்த நாடுகளின் மக்களிடம் இக்குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. இலங்கை 2016 இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது; ஆனால் பரம்பரைக் குறைபாடு மலேரியாவோடு ஒழிந்துவிடாது. மலேரியாக் குளிசை எடுத்தபின் கறுத்த சிறுநீர் போனது, மஞ்சள் காமாலை வந்தது என்று குடும்பத்தில் கதை இருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

உண்மையான ஒவ்வாமை

மக்ரோகோலுக்கு ஒவ்வாமை வருவது மிகவும் அரிது. அமெரிக்காவில் 2005 முதல் 2017 வரை அரசுக்குக் கிடைத்த முறைப்பாடுகளை வண்டர்பில்ற் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். குடல் கழுவும் மருந்தாகவோ மலமிளக்கியாகவோ இதைக் குடித்துக் கடும் ஒவ்வாமைக்கு ஆளானவர்கள் ஆண்டுக்குச் சராசரி 4 பேர் மட்டுமே. வருடத்துக்கு ஒரு கோடிக்கும் மேல் கொலனொஸ்கோப்பி நடக்கும் நாடு அது. ஆனால் முறைப்பாடு செய்யாதவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அரிது என்பதற்காக இல்லை என்று ஆகிவிடாது.

அதன் அடையாளங்கள் இவை: குடித்துச் சில நிமிடங்களில் இருந்து ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள் உள்ளங்கை, உள்ளங்கால், உடம்பு கடித்தல், தோலில் தடிப்புத் தடிப்பாக எழும்புதல், உதடு, நாக்கு, கண்மடல் வீங்குதல், தொண்டை இறுகுதல், குரல் மாறுதல், மூச்சு இழுத்தல், திடீரென மயக்கம். வயிற்று நோவும் சத்தியும் இவற்றோடு சேர்ந்து வரலாம். வெறும் சத்தி மட்டும் என்றால் பெரும்பாலும் ஒவ்வாமை அல்ல. தோல், வீக்கம், மூச்சு, மயக்கம் என்ற நாலில் ஏதாவது சேர்ந்தால் ஒவ்வாமை என்றே எண்ணிச் செயற்படுங்கள்.

உடனே குடிப்பதை நிறுத்துங்கள். மூச்சு முட்டினாலோ, முகம், நாக்கு வீங்கினாலோ, மயக்கம் வந்தாலோ கனடாவில் 911, இங்கிலாந்தில் 999, மற்றைய ஐரோப்பிய நாடுகளில் 112 இற்கு அழையுங்கள். நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சு விடக் கஷ்டமென்றால் இருத்தி வையுங்கள். மலகூடத்துக்குப் போகவேண்டும் என்று அவர் எழும்ப முற்பட்டாலும் விடாதீர்கள். உடுப்பு நனைந்தால் நனையட்டும். இரத்த அழுத்தம் இறங்கிய நேரத்தில் எழும்பி நிற்பது உயிரையே பறிக்கலாம். எப்பிபென் போன்ற அட்ரினலின் ஊசி ஏற்கெனவே எழுதித் தரப்பட்டிருந்தால் தொடையின் வெளிப்புறத்தில் போடுங்கள். பெனாட்றில் கொடுத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது போதாது. சுகமானதாகத் தெரிந்தாலும் வைத்தியசாலைக்குப் போகவேண்டும். சில மணித்தியாலங்களின் பின் திரும்பவும் வரலாம்.

ஒவ்வாமை என்று சந்தேகம் வந்தவரைக் குடும்ப வைத்தியர் ஒவ்வாமை நிபுணரிடம் அனுப்புவார். அங்கே தோலில் மிகச் சிறு அளவு வைத்துச் சோதிப்பார்கள். இது வீட்டில் செய்து பார்க்கும் காரியம் அல்ல. அந்தச் சிறு அளவே சிலருக்கு எதிர்வினையைத் தூண்டும்.

ஒவ்வாமை உறுதியானால் பிரச்சினை குடல் மருந்தோடு முடிவதில்லை. ரெஸ்ரோறாலக்ஸ், மூவிக்கோல், லக்சிடோ போன்ற மலச்சிக்கல் தூள்களும் இதே மக்ரோகோல்தான். மூட்டு நோவுக்குப் போடும் டெப்போ-மெட்றோல் ஊசியிலும், கருத்தடைக்கான டெப்போ-புறோவேறா ஊசியிலும், பல குளிசைகளின் மேற்பூச்சிலும், சில முகப்பூச்சுக்களிலும் இது உண்டு. 2020 டிசெம்பரில் இங்கிலாந்தில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கிய முதல் நாளிலேயே இருவருக்கு ஒவ்வாமை ஏற்பட்டபோது வைத்தியர்களின் சந்தேகம் போனதும் பி.ஈ.ஜி. மீதுதான். ஃபைசர், மொடேர்னா தடுப்பூசிகளில் அதன் ஒரு வகை இருந்தது. முதல் ஊசியில் எதிர்வினை வந்தவர்களிற் பலர் வைத்தியரின் மேற்பார்வையில் இரண்டாவது ஊசியை ஆபத்தின்றிப் போட்டுக்கொண்டதும் பின்னர் தெரியவந்தது. ஆகவே பயந்து ஒதுங்காமல், நிபுணரிடம் போய் உறுதி செய்வதுதான் சரியான வழி.

உறுதியானவர்களுக்கும் கதவு அடைபட்டுவிடாது. மக்ரோகோல் இல்லாத வேறு இன மருந்து கொடுத்துக் கொலனொஸ்கோப்பி செய்யலாம். எந்த மருந்து பொருந்தும் என்பதை, சிறுநீரகத்தையும் இதயத்தையும் பார்த்து வைத்தியர் தீர்மானிப்பார்.

சொல்லாமல் விடுவதே பெரிய ஆபத்து

மலம், குடல் என்ற பேச்சே எம்மவருக்குக் கூச்சம். அதற்கு மேல் மொழிப் பிரச்சினை. பல வீடுகளில் அம்மம்மாவுக்கு மொழிபெயர்ப்பாளர் பன்னிரண்டு வயதுப் பேரன். "எத்தனை தரம் போனது, என்ன நிறம்" என்று தாதி கேட்க, பேரன் வெட்கப்பட, அம்மம்மா "ஒண்டுமில்லை, நல்லாயிருக்கிறன் எண்டு சொல்லு" என்பார். உதடு வீங்கிய கதை அந்த இடத்திலேயே புதைந்து போகும். ஐந்து வருடம் கழித்து வேறொரு வைத்தியசாலையில், வேறொரு பெயரில், அதே மருந்து அவர் கைக்கு வரும்.

பிள்ளைகளை இதற்குப் பாவிக்காதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாள் குறிக்கும்போதே கேளுங்கள். இங்கிலாந்தின் பொது வைத்தியசேவையில் இதற்குக் கட்டணம் இல்லை. கனடாவிலும் பல வைத்தியசாலைகள் நேரிலோ தொலைபேசியிலோ ஒழுங்கு செய்து தருகின்றன. கேட்காதவருக்குக் கிடைக்காது.

கேட்பதோடு, ஒரு காகிதத்தில் ஐந்து விடயங்களையும் எழுதி வையுங்கள். தமிழில் எழுதினாலும் போதும்.

1. மருந்தின் பெயரும், பக்கற்றில் உள்ள உள்ளடக்கப் பட்டியலும். பக்கற்றை எறியாமல் அந்தப் பகுதியை வெட்டி ஒட்டுங்கள்.

2. எத்தனை மணிக்குக் குடிக்கத் தொடங்கினீர்கள், எவ்வளவு குடித்தீர்கள்.

3. எத்தனை நிமிடத்தில் என்ன வந்தது. தடிப்போ வீக்கமோ என்றால் கையடக்கத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

4. அன்று எடுத்த மற்ற மருந்துகள் எவை.

5. என்ன செய்தபின் சுகமானது, எவ்வளவு நேரத்தில்.

இந்தக் காகிதத்தைப் பார்த்த வைத்தியர், மேலே சொன்ன மூன்றில் உங்களுடையது எது என்பதைப் பெரும்பாலும் கண்டுகொள்வார். ஒவ்வாமை என்று உறுதியானால், மருந்தின் கடைப் பெயரை மட்டுமன்றி "மக்ரோகோல், பி.ஈ.ஜி." என்ற பொருளின் பெயரை உங்கள் பதிவேட்டில் எழுதும்படி கேளுங்கள். மருந்துக்கடையிலும் அதையே பதியச் சொல்லுங்கள். கடைப் பெயர்கள் நாட்டுக்கு நாடு மாறும். பொருளின் பெயர் மாறாது. ரொறன்ரோவில் இருந்து லண்டனில் உள்ள மகளிடம் போகும் தாய்க்கு இது மிக முக்கியம்.

ஒவ்வாமை இல்லை என்று தெரிந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். தவறாகப் பதியப்பட்ட "அலேர்ஜி" என்ற ஒரு சொல், பின்னொரு நாள் உங்களுக்குத் தேவையான மருந்தைத் தடுத்துவிடும்.

போன முறை கஷ்டப்பட்டு இனிமேல் போவதில்லை என்று தீர்மானித்தவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு என்ன நடந்தது என்று ஆறுதலாகக் கேட்டு, நீங்களே எழுதி, அடுத்த கிழமையே குடும்ப வைத்தியரிடம் ஒரு நாள் குறியுங்கள். நாம் இங்கே சொன்னவை பொது அறிவுக்கானவை. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அடுத்த இதழில், சத்திர சிகிச்சைக்கு முன் வைத்தியர் கேட்கும் கேள்விகளும் நாம் கேட்க வேண்டிய கேள்விகளும் என்ற விடயத்தோடு சந்திப்போம். வணக்கம்.